அசல் நாடு

என்னிடம் கடப்பிதழ் இல்லை. விமானத்தில் ஏறியதில்லை. ஜொகூர் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்று சிங்கப்பூரின் கட்டடங்களைப் பார்த்ததோடு சரி. ஆனாலும் வருடத்தில் மூன்று நாள் நான் வெளிநாட்டுக்காரன். வெளிநாடு போய் வந்தவர்கள் எல்லாரும் பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். நானும் எழுதினால் என்ன? தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். மூன்று நாள் பயணத்துக்கு அது போதும்.

பேராக்கின் வடக்கே, மலைகளுக்கு நடுவில், அணை கட்டித் தேக்கிய ஏரி ஒன்று இருக்கிறது. பதினோரு வருடமாக நாங்கள் நான்கு பேர் வருடத்துக்கு ஒருமுறை அங்கே போகிறோம். நாதன் அண்ணனுக்கு பிரிக்பீல்ட்ஸில் டயர் கடை. படகும் வேனும் அவருடையவை. செல்வம் லோரி ஓட்டுகிறான். பாலன் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தில் குமாஸ்தா. எந்த விண்ணப்பப் பாரம் கொடுத்தாலும் மூச்சு விடுவதற்குள் நிரப்பிவிடுவான். நான் கிள்ளானில் லோரிகளுக்குக் கித்தான் தைக்கிறேன். நாங்கள் தங்கும் கூடாரம் என் கையால் தைத்தது. பதினோரு வருடத்தில் ஒரு சொட்டு ஒழுகியதில்லை.

என் அடையாள அட்டை சிவப்பு. மற்ற மூவருடையதும் குடிமக்களுக்கான நீலம். நானும் பாலனும் கிள்ளானுக்கு வெளியே ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில், மூன்று வீடு தள்ளிப் பிறந்தவர்கள். அவன் அப்பா மகன் பிறந்த வாரமே சைக்கிள் மிதித்துப் போய்ப் பதிவு செய்தார். என் அப்பா அடுத்த வாரம் போகலாம் என்றார். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. குடியுரிமை என்ற கட்டத்தில் எனக்கு 'இன்னும் தீர்மானிக்கப்படவில்லை' என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. நீல அட்டைக்கு நான்கு முறை மனுப் போட்டேன். நேர்முகத்தில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் எனக்குப் பதில் தெரியும். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் பேனாவுடன் உட்கார்ந்திருந்தால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கடைசி முறை, எந்த ஊர் என்று கேட்டதற்கே விழித்தேன்.

ஏரியின் படகுத்துறையில் இரண்டு புத்தகங்கள் உண்டு. உள்ளூராருக்கு ஒன்று, வெளிநாட்டாருக்கு ஒன்று. சிவப்பு அட்டை இரண்டாவது புத்தகத்துக்குப் போகும். வருடா வருடம் பாலன்தான் அட்டைகளை வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்குள் போய் எழுதிவிட்டு வருவான். நான் ஐஸ் பெட்டிக்குக் காவலாக வேனருகில் நிற்பேன். இதனால் எனக்கு அங்கே 'துரை' என்று பெயர். நானும் சிரித்துக்கொள்வேன். இந்த வருடம் வரை சிரித்துக்கொண்டேன்.

முதல் நாள். விடியும்போது பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிளம்பினோம். ஈப்போவைத் தாண்டுவதற்குள், வேனுக்குப் பின்னால் இழுத்துவந்த படகு வண்டியின் இடது டயர் வெடித்தது. சாலையோரம் பம்ளிமாஸ் பழக்கடைகள் வரிசையாக இருந்த இடம். நாதன் அண்ணன் இறங்கிப் பார்த்தார். வேனுக்கு இரண்டு உபரி டயர் கொண்டுவந்திருந்தார். படகு வண்டிக்கு ஒன்றுகூட இல்லை.

"அண்ணே, கடையில எத்தனை டயர் இருக்கும்?" என்று செல்வம் கேட்டான்.

"நானூறு."

"அதுல ஒண்ணு வேனுக்குள்ள ஏறி வரமாட்டேன்னு சொல்லிருச்சா?"

நாதன் அண்ணன் வெடித்த டயரைக் காலால் உதைத்தார். பழக்கடைச் சீனர், வயதானவர், எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுத் தன் மருமகனுக்குப் போன் போட்டார். மருமகனும் டயர் கடைக்காரர்தான். அவர் வரும்வரை பெரியவர் எங்களுக்குப் பழம் உரித்துத் தந்தார். சுளை தேனாக இருந்தது. கிள்ளான் பாசாரில் இந்தப் பெயரில் விற்கும் பழம் வெறும் தோல் என்பது அன்றுதான் தெரிந்தது. மருமகன் டயரை மாற்றியபோது நாதன் அண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு நட்டையும் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த வருத்தம் ஏரிக்கு முந்தின ஊரான கிரிக் வரை அவர் முகத்தில் இருந்தது.

துறையில் புது விதி போட்டிருந்தார்கள். வெளிநாட்டுக்காரர் இருக்கும் படகில் வழிகாட்டி ஒருவர் கட்டாயம் ஏற வேண்டும். பாலன் உள்ளே போய்விட்டு ஒரு ஆளோடு வந்தான்.

"தொரைக்கு கைடு இல்லாம எப்படி லா," என்றான் செல்வம்.

வழிகாட்டியின் பெயர் உடா. நாற்பது வயதிருக்கும். அந்த மலைகளின் பூர்வகுடிக்காரர். மெலிந்த உடம்பு, சட்டைப் பையில் பிளாஸ்டிக்கில் சுற்றிய ஒரு காகிதம். படகில் மற்ற மூவரையும் விட்டுவிட்டு நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மலாயில், ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப் பிரித்து, உரக்கப் பேசினார். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"அங்கிள். இது ஏரி. மிக ஆழம்."

தலையாட்டினேன்.

"அது மூங்கில். அது யானை வந்து போன தடம். பயம் வேண்டாம்."

அதற்கும் தலையாட்டினேன். நாங்கள் வழக்கமாகத் தங்கும் தீவில் இறங்கிக் கூடாரம் போட்டோம். கித்தானை நான் கட்டுகிற விதத்தை உடா உற்றுப் பார்த்தார். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். சாப்பாட்டு நேரத்தில்தான் விஷயம் முற்றியது. நாதன் அண்ணியின் கைச் சமையல், வாழையிலையில் கட்டி வந்த நாசி லெமாக். உடா என் பொட்டலத்தை எனக்காகப் பிரித்து வைத்தார்.

"இது சோறு. தேங்காய்ப் பாலில் வேகவைத்தது. இது நெத்திலி. இது சம்பல். காரம். முதலில் கொஞ்சமாக."

பால் மறந்த நாளிலிருந்து நான் சாப்பிடுவது சம்பல். மற்ற மூவரும் இலையை மூடிக்கொண்டு சிரித்தார்கள். யாரிடமும் இப்படித்தான் பேசுவார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவர் சொன்னபடியே முதலில் கொஞ்சமாகத் தொட்டுக்கொண்டேன். என் கூச்சம் அப்படிப்பட்டது. ஒருவர் தவறாகப் பேசினால் அவர் சங்கடப்படக் கூடாதே என்று எனக்குத்தான் வியர்க்கும்.

இரண்டாம் நாள் காலையில் தோமான் பிடிக்கப் போனோம். விராலின் முரட்டு அண்ணன் என்று அந்த மீனைச் சொல்லலாம். ஏரியில் பட்ட மரங்கள் நின்றபடியே முழுகிக் கிடக்கின்றன. சில இடத்தில் உச்சிக் கிளை தண்ணீருக்கு ஒரு சாண் கீழே இருக்கும். செல்வம் லோரி ஓட்டுகிற நினைப்பில் படகை ஓட்டினான். டக்கென்று ஒரு சத்தம். என்ஜின் ஓடுகிறது, படகு நகரவில்லை. தண்ணீருக்குள் சுழலும் விசிறியைப் பிடித்திருக்கும் 'பின்' என்ற சிறு ஆணி முறிந்துவிட்டது.

என் பையில் எப்போதும் கித்தான் ஊசி இருக்கும். தடித்த எஃகு ஊசி. அதை வெட்டிப் போடலாமே என்று நீட்டினேன். உடா வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது முறியாது, அங்கிள். முறிய வேண்டியது முறியணும். இல்லாட்டி என்ஜின் போயிடும்."

ஐஸ் பெட்டிக் கீலிலிருந்து ஒரு ஆணியைக் கழற்றி, அளவாக வெட்டி மாட்டினார். நாங்கள் நால்வரும் முழுகிய மரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தோம். கை வேலையில் இருக்க, சும்மா பேச்சுக் கொடுப்பவர் போல உடா என்னிடம் கேட்டார்.

"இந்தியாவிலும் இப்படி அணை கட்டி ஊரை மூழ்கடிப்பார்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்கள் ஊர்ப் பக்கம் அணை இல்லையா?"

"என் ஊர் கிள்ளான்," என்றேன்.

உடா கையைத் துடைத்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்தார். பிளாஸ்டிக்கைப் பிரித்தார். துறையில் வழிகாட்டிக்குக் கொடுக்கும் நகல் அது. என் பெயர், அட்டை எண். அடுத்த கட்டத்தில் 'நெகாரா அசல்' என்று அச்சடித்திருந்தது. எந்த நாட்டுக்காரர் என்று மலாயில் கேட்கிற கட்டம். அதில் பாலனின் சாய்ந்த பெரிய எழுத்தில் 'இந்தியா' என்று இருந்தது.

இந்தியாவை நான் வரைபடத்தில் பார்த்திருக்கிறேன்.

"பாலா," என்றேன். "இது யாரு எழுதினது?"

"அட, ஏதாவது எழுதணும் லா. கட்டம் காலியா இருந்தா ஆபீஸ் பொண்ணு வாங்க மாட்டா. 'இன்னும் தீர்மானிக்கப்படவில்லை'ன்னு எழுத அதுல எடம் ஏது?"

"எத்தனை வருசமா இப்படி எழுதறே?"

"மொதல்லேர்ந்து. இப்ப அதுக்கு என்னா?"

"ஏன் இந்தியா?"

"நம்ம தாத்தா எல்லாம் அங்கேர்ந்துதானே வந்தாங்க."

"உன் தாத்தாவும் அதே கப்பல்லதான் வந்தாரு. உன் பேருக்கு நேரா என்னா எழுதினே?"

பாலன் தண்ணீரைப் பார்த்தான். செல்வம் எதையோ சொல்ல வாயெடுத்து, தூண்டிலைச் சரிசெய்யத் தொடங்கினான். நாதன் அண்ணன்தான் மெதுவாகச் சொன்னார்.

"சொல்லுடா. என்னா எழுதினே?"

"அந்தப் பொஸ்தகத்துல நாடு கேக்க மாட்டாங்கண்ணே. நமக்கு வெறும் கையெழுத்துதான்."

அன்று காலை நான் பிடித்த தோமான் நான்கு கிலோ இருக்கும். தூக்கிப் படம் எடுக்கச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். பதினோரு வருடமாக யாரோ ஒரு இந்தியாக்காரன் இந்த ஏரிக்கு வந்து போயிருக்கிறான். இதையும் அவனே பிடித்ததாக இருக்கட்டும் என்றேன். செல்வம் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

மதியம் உடா பச்சை மூங்கிலில் அரிசியை அடைத்து நெருப்பில் சாய்த்து வைத்தார். பக்கத்தில் தோமான் துண்டுகள், உப்பும் மஞ்சளும் மட்டும் போட்டு. வீட்டில் இரண்டு கரண்டி மிளகாய்த்தூள் இல்லாமல் எனக்கு மீன் இறங்காது. இது இறங்கியது. மூங்கிலைப் பிளந்தபோது சோறு ஒரு வெள்ளைத் தோலோடு உருளையாக வந்தது. உடா எதையும் விளக்கவில்லை. என்னிடம் இயல்பான குரலில் பேசினார், வேகமாக, மற்றவர்களிடம் பேசுவது போலவே. அதுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த முதல் மரியாதை.

"கிள்ளான் என்று முன்பே சொல்லியிருக்கலாமே," என்றார். "சம்பலை வேறு விளக்கினேன்."

"நன்றாகத்தான் விளக்கினீர்கள்."

"என் ஊர் அதோ அங்கே," என்று தண்ணீரைக் காட்டினார். கரையை அல்ல, நடு ஏரியை. "நான் பிறப்பதற்கு முன்பே முழுகிவிட்டது. பாரத்தில் ஊர் பெயர் கேட்டால் அதைத்தான் எழுதுவேன். அப்படி ஓர் ஊர் இல்லை என்பார்கள். தண்ணீரை இறக்கிப் பாருங்கள் என்பேன்."

"ஏற்றுக்கொள்கிறார்களா?"

"தபால் வராது." மீன் முள்ளைத் துப்பினார். "வராவிட்டால் போகட்டும்."

மாலையில் மழை பிடித்தது. மலை ஏரியில் மழை வருவது சத்தத்தில் முதலில் தெரியும். எதிர்க்கரைக் காட்டிலிருந்து இரைச்சல் தண்ணீர் மேல் நடந்து வரும். பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் கூடாரத்துக்கு ஓடினோம். நான்தான் முதலில் உள்ளே போனேன். நாதன் அண்ணன் வந்தார், செல்வம் வந்தான், உடா வந்தார். பாலன் மீன் குழம்புச் சட்டியோடு வந்தபோது எனக்கு என்ன வந்ததோ, வாசலில் குறுக்கே கையை நீட்டினேன்.

"விசா இருக்கா?"

"என்னாது?"

"இது இந்தியாக்காரன் கூடாரம். விசா இல்லாம உள்ளே விடமுடியாது."

என் வாழ்நாளில் நான் முதன்முதலாகச் சொன்ன நையாண்டி அதுவாகத்தான் இருக்கும். சொன்னபோது அது நையாண்டி என்று எனக்கே தெரியவில்லை. நாதன் அண்ணன் சிரித்துச் சிரித்து இருமத் தொடங்கினார். உடாவுக்குச் செல்வம் மொழிபெயர்த்துச் சொன்னான், அவரும் சிரித்தார். பாலன் சட்டிக்கு மூடியில்லாமல் குனிந்து, முதுகால் குழம்பை மறைத்துக்கொண்டு நின்றான். மழை அவன் கழுத்தில் ஓடியது.

"டேய், கொழம்புல தண்ணி விழுது லா."

"விழட்டும்."

"உன்னை விட்டுட்டுப் போகக் கூடாதுன்னுதாண்டா எழுதினேன். எதையாவது எழுதினாத்தான் உன்னை உள்ளே விடுவாங்க. நீயா வந்து பேசுவே? ஐஸ் பெட்டிக்குப் பின்னால நிப்பே."

அது உண்மை. கையை எடுத்தேன். அவன் உள்ளே வந்தான். குழம்பு நீர்த்துப் போயிருந்தது. யாரும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் பாலன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான்.

"நாளைக்கு நானே போய் மாத்தி எழுதிடறேன். போதுமா?"

"நீ போக வேணாம். நான் போறேன்."

"நீயா?" என்றான் செல்வம்.

"நான்தான்."

யாரும் நம்பவில்லை. எனக்கும் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. ஆனால் சொல்லியாகிவிட்டது. அந்தக் கட்டத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டு படுத்தேன். மலாயில் அசல் என்றால் பிறந்த இடம், தொடங்கிய இடம். தமிழில் அசல் என்றால் போலி இல்லாதது. இத்தனை வருடமாக இரண்டையும் தனித்தனியாகவே பேசிவந்திருக்கிறேன். அன்றுதான் இரண்டும் ஒரே கட்டத்துக்குள் உட்கார்ந்தன. அசல் நாடு எது என்று கேட்கிறார்கள். அதில் போலியைப் போய் எழுதியிருக்கிறோம்.

மூன்றாம் நாள். மழை விட்டிருந்தது. கூடாரத்தைக் காயவைத்து மடித்தேன். இந்த முறையும் ஒழுகவில்லை. படகு துறையை நெருங்க நெருங்கக் கிள்ளான் பதிவு அலுவலகத்தின் நாற்காலிகள் கண்ணில் வந்தன. இறங்கியதும் கால் வழக்கம்போல ஐஸ் பெட்டியை நோக்கிப் போனது. பெட்டியின் மேல் பாலன் உட்கார்ந்திருந்தான். அங்கே எனக்கு இடம் இல்லை. திரும்பி அலுவலகத்துக்குள் போனேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்கு என் மகள் வயது. தலைத்துணியில் சின்னப் பூக்கள். என்னைப் பார்த்ததும் மெல்லிய நீளப் புத்தகத்தைத் திருப்பி வைத்தாள்.

"வெளியேறும் கையெழுத்து, அங்கிள். இங்கே."

நாக்கு ஒட்டிக்கொண்டது. எதிர்பார்த்ததுதான். பேச முடியாவிட்டால் பரவாயில்லை, கை இருக்கிறது. பேனாவை எடுத்து, 'இந்தியா'வின் மேல் ஒரு கோடு போட்டேன்.

"அங்கிள், அடிக்கக் கூடாது."

பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன். KLANG.

அவள் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"கிள்ளான் ஒரு நாடு இல்லை, அங்கிள்."

"தெரியும்," என்றேன். குரல் வந்துவிட்டது. கரகரவென்று வந்தது, ஆனால் வந்தது. "அசல் எது என்று கேட்டிருக்கிறீர்கள். என் அசல் கிள்ளான். என் அம்மாவின் அசலும் கிள்ளான். இந்தியாவுக்கு நான் போனதே இல்லை. அங்கே என்னை யாருக்கும் தெரியாது."

"பின்னே இதை யார் எழுதியது?"

"என் நண்பன். பிரியத்தில் எழுதிவிட்டான்."

அவள் என்னைப் பார்த்தாள். மேசையில் நான் வைத்திருந்த அட்டையை எடுத்துப் பார்த்தாள். வெளியே பாலன் பெட்டி மேல் உட்கார்ந்து கழுத்தை நீட்டிக்கொண்டிருந்ததையும் பார்த்தாள்.

"மேலே கேட்டால் நான் என்ன சொல்ல?"

"கிள்ளான்காரன் ஒருவன் வந்து எழுதினான் என்று சொல்லுங்கள். அடுத்த வருடமும் வருவான் என்று சொல்லுங்கள். அப்போதும் அதையேதான் எழுதுவான்."

அவள் சிரிக்கவில்லை. மறுக்கவும் இல்லை. என் கோட்டுக்குப் பக்கத்தில் தன் சின்னக் கையெழுத்தைப் போட்டாள். திருத்தினால் அப்படிப் போட வேண்டுமாம். வேலை முடிந்தது என்று அட்டையை நீட்டினாள். நான் வாங்கவில்லை.

"போன வருடப் பக்கம் வேண்டும்," என்றேன்.

அந்த ஏரிக்கு வெளிநாட்டுக்காரர்கள் அதிகம் வருவதில்லை. ஒரே புத்தகம் பல வருடம் ஓடியிருக்கிறது. அவளே புரட்டினாள். என் பெயரை எனக்கு முன்னால் அவள் கண்டுபிடித்தாள். ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் நடுவில் நான் இந்தியாவாக இருந்தேன். அடித்தேன், எழுதினேன், அவள் கையெழுத்துப் போட்டாள். அதற்கு முந்தைய வருடம். அதற்கும் முந்தையது. ஒரு வருடத்தில் பாலன் அவசரத்தில் நாட்டின் பெயரில் ஓர் எழுத்தையே விட்டிருந்தான். இல்லாத அந்த நாட்டையும் அடித்தேன்.

ஏழு வருடத்தோடு புத்தகம் முடிந்துவிட்டது.

"இதற்கு முந்தையது?"

"பழைய புத்தகம் அலமாரியில் இருக்கும், அங்கிள். பூட்டியிருக்கிறது."

"இருக்கட்டும். நிற்கிறேன்."

வெளியே படகை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். நாதன் அண்ணன் ஒருமுறை ஹார்ன் அடித்தார். பிறகு நீளமாக ஒருமுறை. கிள்ளானுக்கு ஐந்து மணி நேரப் பாதை, வழியில் எந்த டயர் வெடிக்குமோ தெரியாது. அடிக்கட்டும். அவள் இழுப்பறையைத் திறந்து சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் பேனாவை மூடவில்லை.